தோட்டக் குழாயின் வாஷர்

பியர் இயந்திரத்தில் வாயுக் கசிவு பெரிதாக இருந்தால் சீறும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். சிறிதாக இருந்தால் சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. பத்து நாளில் சிலிண்டர் காலியாகிவிடும், அவ்வளவுதான். துபாயில் என் வீட்டில் இருந்தது இரண்டாவது வகை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு மனிதரை மூன்று வெள்ளிக்கிழமைகள் வதைத்தேன். கண்டுபிடித்த பிறகு அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஹோட்டல்களுக்குக் குளிர்பதன அறைகள் அமைத்துப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் நான் சர்வீஸ் மேனேஜர். எனக்குக் கீழே நாற்பது டெக்னீஷியன்கள். ராஷிதியாவில் ஒரு வில்லா தந்திருந்தார்கள். வேலையை விட்டு நாடு திரும்பிய ஓர் ஆங்கிலேயர் தன் வீட்டு பியர் இயந்திரத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இடுப்பு உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி. அதற்குள் ஒரு பியர் பீப்பாய், பக்கத்தில் சின்ன கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர். சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர். அதிலிருந்து ஒரு ட்யூப் பீப்பாய்க்குப் போகும். வாயு அழுத்த, மேலே நிற்கும் குழாயில் பியர் நுரையோடு இறங்கும். பீப்பாய் எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிடுகிறேன். சிலிண்டரை ஷார்ஜாவில் தீயணைப்புக் கருவிகளுக்கு வாயு நிரப்பும் ஒரு கடையில் நிரப்பிக்கொள்வேன்.

கோடை விடுமுறைக்கு மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நண்பர்கள் வருவார்கள். ஜூனில் சிலிண்டர் மாற்றியதிலிருந்து தொல்லை. மூன்று பீப்பாய்க்கு வரவேண்டிய வாயு ஒரு பீப்பாய்க்குக் காணவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தால் பல் துலக்கித் துப்பியதுபோல் கொஞ்சம் நுரை மட்டும் வந்தது. நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபம் அந்தச் சிரிப்பினால்தான்.

என் ஆட்களில் சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கசிவு பார்ப்பதில் அவருக்கு நிகர் கம்பெனியில் இல்லை. எலெக்ட்ரானிக் கருவி வைத்துக்கொண்டு தவிப்பவர்கள்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் புட்டியில் சோப்புத் தண்ணீர், ஒரு சின்ன பிரஷ், ஒரு டார்ச். இவ்வளவுதான் அவர் ஆயுதம். மூட்டு மூட்டாகத் தடவிவிட்டுக் கண்ணிமைக்காமல் பார்ப்பார். எங்கே குமிழி எழுகிறதோ அங்கே கசிவு. அவர் குடிப்பதில்லை. அவருடைய ஒரே விடுமுறையான வெள்ளிக்கிழமையில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய லீவ் விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு தங்கை. தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இவர் வரட்டும் என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது, இதற்கு மேல் தள்ளிப்போட மாட்டோம் என்று தங்கையின் மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்தபோது இத்தனையும் சொன்னார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனியில்தான் இருக்கும். எங்கள் பிரிவு ஆட்களுடையது என் அறை லாக்கரில். நான் கையெழுத்துப் போடாமல் யாரும் ஊருக்குப் போக முடியாது.

முதல் வெள்ளிக்கிழமை வாசலில் நின்றுகொண்டு கேட்டார்: "சார், பெட்டி இருக்கிற இடத்திலேயே வச்சுப் பாத்துரட்டுமா?"

"புது கார்ப்பெட் போட்டிருக்கேன். எல்லாத்தையும் கழட்டி வெளிய கொண்டு போ. நீ ஷூவக் கழட்டினா வீடே நாறும்."

நண்பர் ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்டினார். வாசலில் நின்ற டெக்னீஷியனும் சிரித்தார், அது தனக்குச் சொன்னதே இல்லை என்பதுபோல.

ஆகஸ்ட் மாத வெயில். சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் எல்லாவற்றையும் பின்பக்கம் தூக்கிப்போய், மதில் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு விழுந்திருந்த நிழலில் வைத்துக்கொண்டு குந்தினார். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஏசியில் இருந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம். தடவுவார், பார்ப்பார், துடைப்பார், மறுபடி தடவுவார். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. கண்டுபிடிக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்று இருந்தேன்.

கடைசியில் வந்து, "ஒரு பபுள்கூட வரல சார்" என்றார்.

"அப்ப கேஸ நான் குடிச்சிட்டேனா?"

"இல்ல சார். இன்னொரு தடவ உள்ள வச்சு..."

"மாஃபி, உள்ள கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை வா."

போகும்போது தயங்கி நின்றார். "சார், தோட்டத்துத் தண்ணிக் குழாய் மூட்டுல சொட்டிக்கிட்டே இருந்துச்சு. உள்ள வாஷரக் காணல. சும்மா டேப் சுத்தி நிப்பாட்டியிருக்கேன்."

"அதையா உன்னப் பாக்கச் சொன்னேன்?"

அதற்கும் "சாரி சார்" என்றார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர் ஒரு யோசனையோடு வந்தார். சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு ரெகுலேட்டரின் முள்ளைக் கவனிப்பது. கசிவு இல்லையென்றால் முள் நிற்கும், இருந்தால் இறங்கும். வெளியே ஒரு முறை, பெட்டிக்குள் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். பெட்டி வரை அவர் நடப்பதற்காக வாசலிலிருந்து செய்தித்தாள்களை விரித்தேன். அதன்மேல் மட்டும் நடக்கவேண்டும், சோப்புத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்றேன். காலை அருகருகே வைத்து, ஆற்றுப் பலகைமேல் போவதுபோல் போனார். நண்பர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒருவர் தாளின் நுனியைக் காலால் இழுத்தும் பார்த்தார்.

வெளியே முள் அசையவில்லை. பெட்டிக்குள் வைத்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கு இறங்கிவிட்டது.

"குளிர்லதான் சார் லீக் ஆகுது. சூட்டுல ரப்பர் உப்பி அடைச்சுக்குது. குளிர்ல சுருங்கி விட்டுருது."

"கேஸுக்கு ஜலதோஷம் பிடிக்குதுங்கிற."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் பொறியியல் படித்தவன். வெப்பநிலை குறைந்தால் வாயுவின் அழுத்தம் குறையும், அதனால்தான் முள் இறங்கியது, அது கசிவே இல்லை என்று ஒரு தாளில் படம் போட்டு, வாய்பாடு எழுதி, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "புரியுதா? திருப்பிச் சொல்லு" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அது எனக்குத் தெரியாது சார். ஆனா சிலிண்டர் காலியாகுதே சார்."

இப்போது சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தாளைக் கசக்கினேன்.

"லீக்கைக் கண்டுபிடி. அதுக்கப்புறம் உன் பாஸ்போர்ட்டப் பத்திப் பேசலாம்."

அவர் முகத்தில் அதுவரை இருந்த பணிவுச் சிரிப்பு போய்விட்டது. "சார், டிக்கெட் போடணும் சார். இருவது நாள்தான் இருக்கு."

"அப்ப சீக்கிரம் கண்டுபிடி. யல்லா, கிளம்பு."

மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் ஜெனரல் மேனேஜர் வந்திருந்தார். பம்பாய்க்காரர். புதிதாக நிரப்பிய சிலிண்டர் அதற்குள் மறுபடியும் காலி. "குளிர்பதனக் கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர் வீட்டில் பியருக்குப் பதில் வெறும் நுரை" என்று அவர் இந்தியில் சொன்ன கிண்டல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. உதிரி சிலிண்டரை மாட்டிவிட்டு, கேம்புக்குப் போன் செய்து டெக்னீஷியனை டாக்ஸியில் வரச்சொன்னேன். அன்று கார்ப்பெட்டும் பெரிதாகப் படவில்லை, சாக்ஸும் நாறவில்லை. குடிக்க பியர் வேண்டுமே.

அவர் வந்ததும் தன் சோப்புப் புட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஏன் என்று ஜி.எம். கேட்டார். சூடான தண்ணீரைத் தடவினால் மூட்டு சூடாகிவிடும், தண்ணீரும் அதே அளவு குளிர வேண்டும் என்று அரைகுறை இந்தியில் சொன்னார். ஜி.எம். தலையை ஆட்டினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அரைமணி கழித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டுத் தடவினார். டார்ச் அடித்தார். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வால்வை மூடி, ஸ்பேனரால் கழற்றி, உள்ளே இருந்ததை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

ஒரு சிவப்பு ரப்பர் வாஷர். ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியிருந்தது.

"இது தண்ணிக் குழாய் வாஷர் சார். கேஸுக்கு வெள்ளையா, கெட்டியா ஒண்ணு வரும், அதத்தான் போடணும். யாரு சார் இதப் போட்டது?"

அதைப் பார்த்த கணத்தில் எல்லாம் நினைவுக்கு வந்தது. அதுவரை உண்மையிலேயே மறந்திருந்தேன். ஜூனில் சிலிண்டரை நானே மாற்றினேன். பழைய வாஷர் உருண்டு எங்கோ போய்விட்டது. தேடச் சோம்பல்பட்டு, தோட்டத்துக் குழாய் மூட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, மகளின் கத்தரிக்கோலால் வெட்டிப் பொருத்தினேன். அன்று மாலை நண்பர்களிடம், இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று பெருமையும் அடித்துக்கொண்டேன்.

"யார் போட்டது?" என்று ஜி.எம்.மும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் டெக்னீஷியனைப் பார்த்துச் சொன்னேன்: "நீதான்யா. முதல் வாரம் கழட்டி மாட்டினது நீதானே. வேற யாரு இதைத் தொட்டா?"

அவர் வாஷரைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தான் டேப் சுற்றிய தோட்டக் குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

கேம்பில் எல்லோரும் அறிந்த ஒரு வழி உண்டு. மேனேஜர் கத்தினால் வாதாடாதே. தப்பு உன்னுடையதோ இல்லையோ ஏற்றுக்கொள், சாரி சொல், ஆள் குளிர்ந்துவிடுவான், கலாஸ், விஷயம் முடிந்தது. வாதாடுகிறவனுக்குத்தான் ஃபைல் திறப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவரும் அதைத்தான் செய்தார்.

"ஆமா சார்" என்றார். "நான்தான் போட்டேன். தப்புதான் சார்."

ஜி.எம். முகம் மாறியது. "இப்படிப்பட்ட ஆளையா ஹோட்டல்களுக்கு அனுப்புகிறாய்? எழுதி வாங்கு" என்றார். நான் மறுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன்: தவறான பொருளைப் பொருத்தியதும், மூன்று வாரம் அதை மறைத்ததும் என் அஜாக்கிரதை. "மறைத்ததும்" என்பதை நானாகச் சேர்த்தேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "சார், லீவு?"

"முதல்ல கையெழுத்துப் போடு. பாத்துக்கலாம்."

தமிழில் நிறுத்தி அழகாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு வெள்ளை வாஷரை எடுத்துப் பொருத்தினார். போன வாரமே வாங்கி வைத்திருந்தாராம், எதற்கும் இருக்கட்டும் என்று. குழாயைத் திறந்ததும் பியர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தார். முடி வெட்டிக்கொண்டு, சலவைச் சட்டையில் வந்திருந்தார். "பாஸ்போர்ட் சார்" என்றார்.

"லீவ் தள்ளிப்போட்டாச்சு. நாலு மாசம்."

"சார், நீங்க பாத்துக்கலாம்னு சொன்னீங்களே."

"பாத்தேன். நீயே எழுதிக் கொடுத்திருக்க. ஜி.எம். முன்னால ஒத்துக்கிட்டிருக்க. நான் என்ன பண்ண முடியும்?"

அவர் அப்போதும் அந்த உண்மையைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வேலையை விட்டே அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"தாய்மாமன் நான் ஒருத்தன்தான் சார். மாமியார் வீட்டுல கேப்பாங்க சார், ஒங்க அண்ணன் எங்கன்னு. அது என்ன பதில் சொல்லும்?"

அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குத்துறது காதுல. மடி யாருதா இருந்தா என்ன?"

"சரி சார்" என்றார். பிறகு டியூட்டிக்குப் போய்விட்டார்.

லீவ் கொடுத்திருக்கலாம். ஜி.எம். மறுவாரமே இதை மறந்துவிட்டார். என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. என் லாக்கர், என் சாவி. ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் அந்தத் தோட்டக் குழாய்க்குப் போய்த் திரும்பியது எனக்குத் தெரிந்தது. நான் தண்டித்தது அதைத்தான்.

ஆவணியில் ஒரு காலை, ஒரு ஹோட்டல் மொட்டைமாடிக்கு வேலையைப் பார்வையிடப் போனேன். இரண்டு பெரிய ஏசி யூனிட்டுகளுக்கு நடுவே, சத்தம் கேட்காமல் இருக்க ஒரு காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, மறு காதில் போனை வைத்தபடி நின்றிருந்தார். போனில் குழந்தை வீறிட்டு அழுவது எனக்கே கேட்டது. "அழுவாதடா தங்கம். மாமா இருக்கேன்டா. இந்தா மாமா இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்க்கவில்லை. அன்றுதான் அந்த நாள் என்பது எனக்கு உடனே புரிந்தது.

நான் அவர் முன்னால் போய் நின்று என் கைக்கடிகாரத்தை விரலால் தட்டினேன்.

"டியூட்டி நேரத்துல போன் கூடாதுன்னு தெரியாது?"

"சாரி சார். ரெண்டு நிமிசம்தான் சார்." போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழந்தை அழுகையை நிறுத்துவதற்கு முன்பே அணைத்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனார். போன மாதிரியே திரும்பியும் வந்தார். வந்த அன்று அலுவலகத்துக்கு ஒரு டப்பா அதிரசமும் ஓர் ஆல்பமும் கொண்டுவந்தார். காதுகுத்து ஆல்பம். என்னைக் குத்திக்காட்ட அதைக் கொண்டுவரவில்லை. ஊர் போய் வருகிற எல்லோரும் மேனேஜருக்கு ஆல்பம் காட்டுவார்கள், அது ஒரு மரியாதை. அறையில் இன்னும் இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, வாய் பிளந்து அழுகிறது. அதை மடியில் வைத்திருப்பவர் உடம்பில் பட்டுவேட்டி, வெள்ளைச் சட்டை. கழுத்துக்கு மேலே இவர் முகம். நேராக, சிரிக்காமல், நீலப் பின்னணியின் மெல்லிய கோடு காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கிற முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் லாக்கரில் இருந்த பாஸ்போர்ட்டில் அதே படம்தான் இருந்தது.

"தங்கச்சி சொல்லி ஸ்டுடியோல மாத்துனது சார். புள்ள பெருசானா, தாய்மாமன் மடியிலதான் குத்துனாங்கன்னு இருக்கணுமில்ல. நல்லாருக்கா சார்?"

"உடம்பு யாருது?"

"தங்கச்சி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா பையன் சார்."

"தலை பூசணிக்காய் மாதிரி இருக்கேய்யா" என்றேன். "கழுத்தே காணோம். பாத்த உடனே தெரியுது, ஒட்டு வேலைன்னு."

சூப்பர்வைசர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, "உடம்புக்காரனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தியாய்யா?" என்றார்.

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். அதை அவர் எத்தனையோ முறை பார்த்திருப்பார். அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது. விரலால் அந்தக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார், மூட்டில் கசிவு பார்ப்பதுபோல.

"ஆமா சார்" என்றார். "நான் குடுத்தனுப்புன போட்டோ சின்னது சார். அதப் பெருசாக்கி வச்சதுல இப்படி ஆயிருச்சு. தப்பு என்னுதுதான்."

ஆல்பத்தை மூடி, அது வந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார். அதிரச டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார்.